நம்பர் தப்பு

என் வீட்டுக்காரரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நம்பர்காரர்' என்றால்தான் தெரியும். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் பாதிக்கு அவர்தான் லிஃப்ட் பார்க்கிறார், ஆனால் ஒரு கட்டடத்தின் பெயரும் அவருக்குத் தெரியாது. "இருபத்தேழுல கதவு சிக்குது, நாப்பத்தொண்ணுல கயிறு மாத்தணும்" என்றுதான் பேசுவார். கல்யாணமான புதிதில் சிநேகிதர்களிடம் என்னைக் காட்டி, "பதினாலாம் நம்பர் வீட்டுப் பொண்ணு" என்றார். அன்றைக்கு வந்த கோபமே எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை.

நான் தையல்காரி. வாசலை ஒட்டிய அறையில் ஒரு மெஷின், ஒரு கண்ணாடி, கொக்கியில் தொங்கும் அடுத்தவர் துணிகள். தொளதொளவென்று இருப்பதைப் பிடித்துத் தைப்பதும், கிழிந்ததைக் கிழிந்த இடம் தெரியாமல் சேர்ப்பதும்தான் என் பிழைப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வராமல் என்ன செய்யும்? இந்த அண்ணன் தம்பி இருவரையும் வைத்துக் குடும்பம் நடத்திப் பார்த்துவிட்டு அப்புறம் வந்து பேசட்டும்.

தம்பியை நாங்கள் 'சின்னவர்' என்போம். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறுகிறவர். அப்படி ஒரு குரல் அவருக்கு. சந்தைக்குள் அவர் தக்காளி விலை சொன்னால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான். வீட்டில் ரகசியம் பேசினாலும் பக்கத்து வீட்டுக்காரி மறுநாள் அதைப் பற்றி என்னிடம் விசாரிப்பாள்.

இருவருக்கும் ஸ்டாம்ப் பைத்தியத்தை ஏற்றிவிட்டவர் என் மாமனார். கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. வெளிநாட்டுத் தபாலில் வரும் ஸ்டாம்புகளைச் சேர்த்து ஓர் ஆல்பம் வைத்திருந்தார். அதில் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு ஜோடி. அச்சடிக்கும்போதே ஒன்று நேராகவும் அதை ஒட்டிய இன்னொன்று தலைகீழாகவும் விழுந்து, பிரிக்காமல் அப்படியே வெளியே வந்துவிட்ட ஜோடி. ஸ்டாம்புகளுக்கெல்லாம் நம்பர் போட்டுத் தடிமனாக ஒரு கேட்டலாக் இருக்கிறது. அதில் தனி ஸ்டாம்புக்கு நம்பர் 118. அது குப்பை மாதிரி எங்கும் கிடைக்கும். ஜோடியாக ஒட்டியே இருந்தால் 118ஏ. அது லேசில் கிடைக்காது. கிழித்துவிட்டால் இரண்டும் வெறும் 118 ஆகிவிடும், அவ்வளவுதான்.

மாமனார் போனபிறகு வீடு, பாத்திரம், கட்டில் எல்லாவற்றையும் அண்ணனும் தம்பியும் முணுமுணுப்பு இல்லாமல் பிரித்துக்கொண்டார்கள். நானும் சின்னவர் பெண்டாட்டியான என் ஓர்ப்படியும் கண் படப் போகிறது என்றுகூடப் பேசிக்கொண்டோம். ஆல்பத்தில் வந்தது வினை. "ஆல்பம் எனக்குன்னு அப்பா சொன்னாரு" என்றார் இவர். "அந்த ஜோடி மட்டும் எனக்குன்னு அப்பா சொன்னாரு" என்றார் சின்னவர். இவர் ஒரு பக்கம் பிடித்தார், அவர் ஒரு பக்கம் பிடித்தார். சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. ஆளுக்கொன்று கையில் நின்றது. தலை நரைக்க ஆரம்பித்த இரண்டு ஆண்கள், பிள்ளை பெற்றவர்கள், ஒரு விரல்கடைக் காகிதத்தை வைத்துக்கொண்டு "நீ கிழிச்ச", "நீதான் கிழிச்ச" என்று தெரு கேட்கக் கத்தினார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அப்போது என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கே ஒரு வாண்டு இருக்கிறது.

சரி, கோபம் ஆறும், ஒரு நாள் சேர்வார்கள் என்று நினைத்தேன். ஆறவா? இவர் அந்தக் கோபத்துக்கு வேளாவேளைக்குத் தீனி போட்டு வளர்த்தார். இணையத்தில் ஸ்டாம்ப் விற்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனில் 118ஏ என்று போட்டுத் தேடுவார். வேறு எதையும் தேடமாட்டார். "இன்னொரு முழு ஜோடி வாங்கி ஒட்டிட்டா அவன் பாதி யாருக்கு வேணும்? வச்சுக்கிட்டு நாக்கு வழிக்கட்டும்" என்பார். தம்பி தேவையில்லை என்று காட்டுவதற்காக இத்தனை பாடு. தினமும் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வரும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். நான் அவர் சாப்பாட்டு டப்பாவைப் படீரென்று மூடிக் கொடுப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, குளியலறையிலிருந்து அலறல். பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று ஓடினேன். வாயில் நுரையோடு நிற்கிறார்.

"வந்துடுச்சுடி! நூத்திப் பதினெட்டு ஏ!"

அடுத்த நொடி முகம் மாறியது. படத்தில் ஜோடி இல்லை, ஒற்றை ஸ்டாம்ப். போதாக்குறைக்கு விலை, ஒரு வீட்டையே எழுதிக் கேட்பது போன்ற விலை. இவருக்குத் தலைக்கேறிவிட்டது. நம்பர் தப்பாகப் போடுகிறவனை இவர் கொலைகாரனைவிடக் கேவலமாக நினைப்பார். விற்பவரிடம் கேள்வி கேட்க அதில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதினார்: "நம்பர் தப்பு. இது ஒற்றை. ஒற்றைக்கு நம்பர் 118."

மறுநாள் பதில் வந்திருந்தது. "தெரியும்."

ஒரே ஒரு வார்த்தை. இவர் நெருப்பை மிதித்த மாதிரி குதித்தார். "தெரிஞ்சே போட்டியா? மக்குப் பிளாஸ்திரி!" என்று எழுதினார்.

"ஆமாம்" என்று பதில் வந்தது.

நிர்வாகத்துக்குப் புகார் செய்தார், விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாளில் அதே படம், அதே தப்பு நம்பரோடு திரும்ப முளைத்தது. மறுபடி திட்டு, மறுபடி "தெரியும்", மறுபடி புகார். என் வீட்டில் காலைச் சாப்பாடே இந்தச் சண்டையோடுதான் நடந்தது. "படத்தைக்கூடத் தலைகீழா போட்டிருக்கான் பாரு, முட்டாப் பய" என்று என்னிடம் நீட்டுவார். எனக்கு எரிச்சலாக வரும். "அந்த ஆளு எக்கேடோ கெட்டுப் போறான், நீங்க லிஃப்ட்டைப் பாருங்க" என்று போனைத் தள்ளிவிடுவேன். நானும் அப்போது படத்தைப் பார்க்கவில்லை.

இந்தக் கூத்து நடக்கும்போதுதான் ஓர்ப்படி போன் செய்தாள். நாங்கள் இரண்டு பேரும் பேச்சை விட்டதே இல்லை. வீம்பு ஆண்களுக்கு, எங்களுக்கென்ன?

"அக்கா, அவருக்குத் தொண்டையில கட்டி. நல்லதா தெரியலைன்னுட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். குரல்பெட்டியையே எடுக்கணுமாம்க்கா. அப்புறம் பேச்சு வராதாம்."

அந்தக் குரலா? மெஷினில் மாட்டியிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு இவரிடம் போய்ச் சொன்னேன். சட்டைப் பொத்தானைப் போட்டபடி நின்றார். பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டார், கழற்றினார், மறுபடி மாற்றிப் போட்டார்.

"ஏங்க, ஒரு போன் பண்ணுங்க. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நீங்க கேக்கணும்னு நினைச்சாலும் அந்தக் குரல் கிடைக்காது."

"அவன் பண்ணட்டும். கிழிச்சவன் அவன்தானே?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீங்களெல்லாம் மனுஷனா என்று கேட்டேன். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று ஒருத்தியின் ஜாக்கெட் கையை நான் திருப்பித் தைத்துவிட்டேன், அவ்வளவு ஆத்திரம்.

புதன்கிழமை ஓர்ப்படிக்கு நானே போன் போட்டேன். "நீயாவது சின்னவர்கிட்ட சொல்லு. அவர் ஒரு வார்த்தை கூப்பிட்டா இவர் இளகிடுவாரு."

"சொன்னேன்க்கா. 'அண்ணன்கூட ஒரு தடவை பேசிடுங்க'ன்னேன். அதுக்கு அவரு, 'நாங்கதான் தினமும் பேசிக்கிட்டு இருக்கோமே'ங்கிறாரு. மருந்து மயக்கம்னு நினைக்கிறேன். பயமா இருக்கு."

தினமும் பேசிக்கொண்டிருக்கிறோம்! போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். என் வீட்டில் தினமும் யாரோடு பேச்சு நடக்கிறது? எழுந்து போய் என் போனிலேயே அந்த ஸ்டாம்ப் விற்கிற இடத்தைத் திறந்து 118ஏ என்று போட்டேன். படம் வந்தது. அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்து, இத்தனை வருஷமாக யாரும் திறக்காத அந்தப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

கிழிந்ததைச் சேர்க்கிறவளுக்கு இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்டாம்ப் ஓரத்தில் பல் பல்லாக இருக்குமே, இவர் பாதியில் ஒரு இடத்தில் பல் இல்லை, பள்ளமாக இருந்தது. படத்தில் இருந்ததில் அதே இடத்தில் ஒரு பல் நீளமாக, நாரோடு துருத்திக்கொண்டிருந்தது. தலைகீழாகப் படம் பிடித்தவன் முட்டாள் இல்லை. ஜோடியில் அது எப்படி நின்றதோ அப்படியே வைத்திருக்கிறார் சின்னவர். விலையும் யாரும் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட விலை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அடப்பாவிகளா!

அவர் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை. ஆல்பத்தையும் போனையும் மேசையில் சேர்த்து வைத்தேன்.

"நம்பரைத்தானே பார்த்தீங்க? ஒரு நாளாவது படத்தைப் பார்த்தீங்களா? பாருங்க இப்போ!"

குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். துருத்திய பல்லின் மேல் விரலை வைத்தார், அது பட்டு படம் பெரிதாகிப் போனது.

"திருட்டுப் பய" என்றார்.

தம்பியின் நம்பரைப் போனிலிருந்து எப்போதோ அழித்துவிட்டவர், யோசிக்காமல் அதை அழுத்தினார். எந்த நம்பரை அவர் மறந்திருக்கிறார்? போன் ஸ்பீக்கரை நான் போட்டேன். மறுமுனையில் எடுத்ததும் இவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, "நம்பர் தப்புடா!"

"தெரியும்" என்றது ஒரு குரல். அடையாளமே தெரியவில்லை. உப்புத்தாளைத் தேய்ப்பது போலிருந்தது. தக்காளி விலை கூறிய குரலா அது?

"தெரிஞ்சா ஏண்டா போட்ட?"

"நூத்திப் பதினெட்டுன்னு சரியா போட்டா நீ பார்ப்பியாண்ணே? உலகத்துலயே அந்த ஒரு நம்பரைத் தவிர வேற எதைத் தேடுவ நீ?"

"நான்தான் திட்டுறேன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"மக்குப் பிளாஸ்திரின்னு என்னை வேற எவன் கூப்பிட்டிருக்கான்?"

இவர் தொண்டையைச் செருமினார். இப்போதாவது நாலு நல்ல வார்த்தை பேசுவார், எப்படிடா இருக்கே என்று கேட்பார் என்று நான் காத்திருந்தேன். கேட்டாரா?

"ஜோடியைக் கிழிச்சது நீதானே?"

"நீதான்!"

"நீடா!"

ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே ஓர்ப்படி, "தொண்டையை அலட்டாதீங்க, டாக்டர் திட்டுவாரு" என்று கெஞ்சுகிறாள். இங்கே நான் தலையில் அடித்துக்கொள்கிறேன். எஞ்சியிருந்த குரலில் முக்கால்வாசியை அந்த மனிதர் "நீதான், நீதான்" என்று சொல்லியே தீர்த்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேயும் அதே கதைதான், கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வெள்ளிக்கிழமை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது சின்னவர் தலையைத் திருப்பி, "கிழிச்சது நீதாண்ணே" என்றார். அந்தக் குரலில் நாங்கள் கடைசியாகக் கேட்டது அதுதான். இவர் நடைக்கூடத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. இத்தனை வருஷம் சும்மா கிடைத்த குரலை வேண்டாம் என்று விட்டுவிட்டு இப்போது சுவரோடு என்ன பேச்சு?

சின்னவர் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் ஓட்டை, அதில் மூச்சு. பேச்சு இல்லை. போய்ப் பார்த்தபோது இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டிவிடலாமே, நானே செய்து தருகிறேன் என்றேன். அண்ணனும் தம்பியும் என்னைக் கேவலமாகப் பார்த்தார்கள். "ஒட்டினாலும் அது ரெண்டு நூத்திப் பதினெட்டுதான், ஏ ஆகாது" என்றார் இவர். சின்னவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். இதில் மட்டும் ஒற்றுமை!

நேராகச் செய்தி அனுப்பிக்கொள்ள ஆயிரம் வழி இருக்கிறது. செய்யமாட்டார்கள். விளம்பரம் மறுபடி வந்தது, அதே நம்பர், அதே யானை விலை. இவர் பல் தேய்த்துக்கொண்டே கேள்விக் கட்டத்தில் எழுதுகிறார்: "நம்பர் தப்பு. சாப்பாடு இறங்குதாடா?" அங்கிருந்து வருகிறது: "தெரியும். கொஞ்சம் கொஞ்சமா." ஊர் உலகமே படிக்கிற இடத்தில் இப்படி ஒரு குடும்பம் நடக்கிறது.

போன வாரம் யாரோ ஒரு மூன்றாம் ஆள், பாவம், விஷயம் தெரிந்தவர் போலிருக்கிறது, நடுவில் நுழைந்து எழுதியிருந்தார்: "ஐயா, இது ஒற்றை ஸ்டாம்ப். கேட்டலாக் எண் 118. நீங்கள் தவறாக 118ஏ என்று போட்டிருக்கிறீர்கள்."

இவர் பிரஷ்ஷைத் தூக்கி வாஷ்பேசினில் எறிந்தார். கட்டத்தில் எழுத ஆரம்பித்தார். என்ன எழுதுகிறார் என்று நான் தோள் வழியாக எட்டிப் பார்த்தேன். வாழ்நாளில் ஒரு தப்பு நம்பரை மன்னிக்காத மனுஷர் எழுதியிருந்தார்: "நம்பர் சரிதான். உங்கள் வேலையைப் பாருங்கள்."