பெக்கோவுக்கு வைத்த பொட்டு

பாப்பாமோட்டைக்கு நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டு வளவெல்லாம் ஆளுயரப் பற்றைக்காடு. அதைக் கிளறித் தள்ளியது என் மூத்தவனின் பெக்கோதான். தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில் மண் தோண்டும் யந்திரம் ஓட்டப் பழகியவன், ஊருக்கு வந்ததும் பழசாய் ஒன்றை வாங்கிக்கொண்டான். அதன் மஞ்சள் வயிற்றில் ஏதோ எழுதியிருக்கும். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் வெள்ளாங்குளம் றோட்டில் உறுமினாலே எங்களுடையதென்று சொல்லிவிடுவேன். பேரப்பிள்ளைக்குச் சோறு தீத்தியதும் அதைக் காட்டித்தான்.

பக்கத்து வளவு என் மச்சாளுடையது, என் அவரின் தங்கை. அவளுடைய வாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பொழுது போய்விடும், விடுவோம். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டை அவள் பழைய கிணற்றோடு ஒட்டினாற்போலக் கட்டிவிட்டாள். கிணறோ சண்டைக்காலத்தில் மண் மூடிப் போனது. மாரிக்கு முன் அதைத் தோண்டாவிட்டால் இன்னொரு வருஷமும் குடத்தோடு நடக்க வேண்டும். அவளுக்கு முழங்கால் வருத்தம் வேறு.

மகன் பெக்கோவைக் கொண்டுபோய் அதன் இரும்புக் கையை நீட்டினான். கை நுனியில் மண் அள்ளும் வாளி சுவர்ப்பக்கம் ஒரு சாண் ஆடியது. மச்சாள் குறுக்கே போய் நின்றாள்.

"நில்லு தம்பி. உன்ரை பெக்கோ கள்ளுக் குடிச்சிட்டெல்லோ வந்திருக்கு. சுவரைத் தட்டிச்செண்டா?"

"தட்டாது மாமி."

"நீ சொல்லுறாய். வாளி சொல்லேல்லையே."

அவள் சொன்னதிலும் பிழையில்லை. எத்தனை வருஷம் தகரக் கொட்டிலில் கிடந்தவள். மகன் இறங்கி, வாளி மடிகிற மூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்.

"தேஞ்சு போச்சம்மா. வாசர் வளையம் வைச்சு இடைவெளியை அடைக்கவேணும்."

கையைத் தரையில் படுக்கவைத்து, மூட்டில் கோத்திருந்த உலக்கைத் தடிப்பு இரும்புப் பின்னை அடித்துக் கழற்றினான். கிரீஸ் வழிய வேண்டிய அந்தப் பின் காய்ந்து, துருப்பொடி கொட்டியது.

"கிழமைக்குக் கிழமை கிரீஸ் அடிக்கிறனானே," என்று தலையைச் சொறிந்தான்.

கிரீஸ் ஏற்றுவதற்கு மூட்டில் மூக்குத்தி போல ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதன் வாய் அடைபட்டிருந்தது. என் சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கொடுத்தேன். அவன் கிண்ட, மஞ்சளாய்ப் பொடி விழுந்தது. பெயின்ற் என்றான் அவன். நான் மணந்து பார்த்தேன். சந்தனம்.

மச்சாளைத் திரும்பிப் பார்த்தோம்.

"போன வருஷம் ஆயுத பூசைக்கு நான்தான் வைச்சனான்," என்றாள். "இதுக்கு நெத்தி எதெண்டு தெரியேல்லை. வடிவாக் குண்டுகுண்டாத் தெரிஞ்சதுக்கெல்லாம் பொட்டு வைச்சனான்."

"எல்லாத்துக்குமோ?" என்றான் மகன்.

"ஒண்டுக்கு வைச்சு ஒண்டை விட்டால் அது கோவிக்காதே?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மகனும் சிரித்தான். வெளியே வழிந்த கிரீஸைப் பார்த்து உள்ளே போகிறதென்று தானும் நம்பிவிட்டதாக ஒத்துக்கொண்டான்.

பிறகு குமிழ்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். மன்னாருக்குப் போய்ப் புது பின்னும் வாசர்களும் வாங்கி வந்து, மூட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாய்ச் செருகினான். ஒன்று கூடிப்போய்க் கை மடிய மாட்டேனென்று முனகியது. அதை எடுத்ததும் இணங்கிவிட்டது. மூட்டைச் சுற்றி வளையமாய்ப் பிதுங்கும்வரை கிரீஸ் ஏற்றினான். மச்சாள் சீலைத்துண்டோடு துடைக்கப் போனாள்.

"துடையாதேங்கோ மாமி. அதுதான் மணலை உள்ளை விடாமல் மறிக்கிறது."

"இனி நான் ஒண்டும் தொடமாட்டனப்பா."

அடுத்த நாள் தோண்டி முடியும்வரை அவள் சுவரில் உள்ளங்கையை வைத்தபடியே நின்றாள், மாட்டைத் தடவிக்கொடுப்பதுபோல. வாளி நேராய் இறங்கி நேராய் ஏறியது. சுவரிலிருந்து ஒரு துளி சீமெந்தும் உதிரவில்லை. பின்னேரம் அடியில் தண்ணீர் மினுங்கியது. கலங்கல் தெளியுமுன்னே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "உப்பில்லை, மச்சாள்," என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காததுபோல இருந்துகொண்டேன்.

ஆயுத பூசை வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு முதல் ஆளாய் வந்து நின்றாள்.

"மருமகன், இதுக்கு நெத்தி எவடம்?"

"முன்கண்ணாடியிலை வையுங்கோ மாமி."

தோசை அளவில் வைத்தாள். அன்று முழுக்க அவன் தலையைச் சரித்துக்கொண்டுதான் ஓட்டினான். துடைக்கவில்லை.