ஜாவாவுக்குப் போன டூட்டிங் தேங்காய்

டிராவல் ஏஜென்சி வேலையில் டிக்கெட் விற்பது சுகம். விற்ற டிக்கெட்டோடு நாமும் போக நேர்வதுதான் தண்டனை. சொந்தக்காரரை வேனில் ஏற்றிக் கலியாணவீட்டுக்குக் கூட்டிப்போன அனுபவசாலிகளுக்கு என் வேதனை விளங்கும்.

தொண்ணூறுகளில் லண்டன் டூட்டிங்கில் அந்த வேலையில் இருந்தேன். ஒருமுறை ஜகார்த்தாவில் விமானம் மாறியவன் என்ற ஒரே தகுதியில் முதலாளி என்னை இந்தோனேசிய வழிகாட்டி ஆக்கினார். என்னோடு வந்தவர்கள் இருவர்: பக்கத்து ஸ்ட்ரெதமில் கணக்காளராக இருக்கும் அண்ணை ஒருவர், கோலியர்ஸ் வுட் மலர் அக்கா. வேனில் ஜாவாவைக் கடந்து பிரம்பனான் சிவன் கோயிலுக்குப் போவதுதான் திட்டம்.

நேர்த்தி

அக்காவின் மகன் கொழும்பில் விசாரணையே இல்லாமல் மறியலில் அடைபட்டுக் கிடந்தவன். அவன் வெளியே வந்தால் பிரம்பனான் சிவனுக்குத் தேங்காய் உடைப்பதாக நேர்த்தி. ஏன் அந்தச் சிவன்? அந்த மாதம் எங்கள் ஏஜென்சிக் கலண்டரில் அவருடைய கோபுரம்தான் இருந்தது. பையன் வந்துவிட்டான்.

முதல் நாள் வேனில் அக்கா பையைத் திறந்தார். உள்ளே தேங்காய். வழி நெடுகத் தென்னை நிற்கும் நாட்டுக்கு எதற்கு இது என்று கேட்டேன்.

"அதுகள் வேறை தம்பி. இது டூட்டிங்கிலை நான் தட்டிப் பார்த்து வாங்கினது."

சத்தம்

சாரதி ஸ்லாமெட்டுக்கு அவர் மொழி மட்டும் தெரியும். எங்களுக்கு அது மட்டும் தெரியாது. அண்ணை அசரவில்லை. இங்கிலீஷில் கத்தினார், விளங்காதபோது இன்னும் கத்தினார். ஸ்லாமெட் சிரித்துத் தலையாட்டினார். லண்டன் கவுன்சில் அலுவலர் ஒருவர் தன்னிடம் இப்படிக் கத்தியதைப் பல வருடமாகச் சொல்லிக் கொதிப்பவர் அண்ணை. நினைவுபடுத்தினேன்.

"அவன் கத்தினது எனக்கு விளங்கினது. இவருக்கு விளங்கேல்லை, அதுதான் கத்திறன்."

இளநீர்

பாலம் ஒன்று உடைந்திருந்ததால் வயல்வழி திரும்பினோம். ஸ்லாமெட்டுக்கும் அந்தப் பக்கம் புதிது. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு கை காட்டினார்கள், ஆளுக்கொரு திசையில். தெரியாது என்று சொல்லி வந்தவரை அனுப்புவது மரியாதையில்லை போலும்.

கோயில் மாலையில் மூடிவிடும். மறுநாள் காலையில் எங்களுக்கு விமானம். பதறிப்போன அக்கா, தேங்காய் உடைக்க வேண்டும் என்று ஸ்லாமெட்டுக்குக் கையால் அடித்துக் காட்டினார். அவர் உடனே வேனை நிறுத்தி இளநீர் வாங்கிவந்தார். அக்கா மறுபடி காட்டினார். மறுபடி இளநீர். அடுத்த முறை கை உயர்ந்ததும் அண்ணை கும்பிட்டார்.

"அக்கா, தயவுசெய்து கையை மடியிலை வையுங்கோ. இனி என்னாலை ஏலாது."

வெளியில்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலை மூடிக்கொண்டிருந்தார்கள். காவலாளி தேங்காயைப் பார்த்துப் பதறி, இரு கையும் கூப்பி அரைகுறை இங்கிலீஷில் மறுத்தார். பழங்காலக் கட்டடம், அங்கே எதையும் உடைக்க முடியாதாம். அக்கா நிலத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கினார். எனக்கும் தாங்கவில்லை.

ஸ்லாமெட்டுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வேன் சில்லு உருளாமல் அணை வைக்கும் கல்லை எடுத்துக் கழுவி, வேலிக்கு வெளியே, கோபுரம் தெரியும் இடத்தில் வைத்தார். அக்கா அடித்தது ஒரே அடி. தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. அண்ணை கத்தவில்லை, கண்ணைத் துடைத்தார். உள்ளே போக முடியவில்லையே என்று அக்காவிடம் வருத்தப்பட்டேன்.

"என்ரை பிள்ளையை வெளியிலை விட்டவருக்கு, நான் வெளியிலை நிண்டு உடைச்சால் காணும்."

அடுத்த விளம்பரத்தில் முதலாளி 'தமிழ் பேசும் வழிகாட்டியுடன்' என்று பெரிதாகப் போட்டார். மொழி தெரியாத அந்த நாட்டில் என்னைப் படாதபாடு படுத்தியவர்களும் தமிழ் பேசியவர்கள்தான்.