'புவேனா கௌசா' என்ற கட்டம்

ஹெர்லிண்டா எங்கே உட்கார்ந்தாலும் வலது காதை வாசல் பக்கம் வைத்துத்தான் உட்காருவாள். கோயிலிலும் அப்படித்தான், நாங்கள் வேலை பார்க்கும் பழக் கொட்டகையிலும் அப்படித்தான். இடது காது அவளுக்குக் கேட்காது. யார் அடித்துப் போனது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் பேசியதில்லை, நானும் கிளறியதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், மூன்று வயதுப் பெண் குழந்தையையும் ஒரு துணிப்பையையும் தூக்கிக்கொண்டு ஆற்றோரத்து எங்கள் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தாள். குழந்தை யாரெட்சிக்கு அப்போது ஞானஸ்நானம்கூட ஆகியிருக்கவில்லை. நான்தான் ஞானத்தாயாக நின்றேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் கொமாத்ரே, எனக்கு அவள் கொமாத்ரே. எங்கள் ஜனங்களிடத்தில் அது உடன்பிறப்புக்கு ஒரு படி மேல். மரியாதையாக 'நீங்க, வாங்க' என்றுதான் பேசிக்கொள்வோம்.

பயந்த பிறவி என்று அவளை நினைத்துவிடக் கூடாது. கொட்டகையில் பளபளப்பான கிரேப்ஃப்ரூட் பழம் ஒன்று கைக்கு வந்தால் தூக்கிக் காட்டி, "கொமாத்ரே, இதைப் பெட்டியில போடாதீங்க, மேஸ்திரி தலைன்னு நெனச்சு யாராவது தொப்பி மாட்டிடுவாங்க" என்பாள். மேஸ்திரியே சிரித்துவிடுவார்.

யாரெட்சிக்கு மூச்சிரைப்பு. கரும்புத் தோட்டத்தில் தீ வைக்கும் மாதங்களில் கரிச் சாம்பல் காற்றில் பறக்கும், பிள்ளையின் நெஞ்சு விசில் மாதிரி கத்தும். இன்ஹேலர் விலையெல்லாம் எங்கள் கூலிக்கு எட்டாது. அரசாங்க மருத்துவ அட்டை இருப்பதால்தான் அந்தப் பிள்ளை ஓடி விளையாடுகிறது.

அந்த அட்டையைப் புதுப்பிக்கிற வேளை வந்தது. தனக்கும் சேர்த்து ஒரு அட்டை கேட்கலாம் என்று ஹெர்லிண்டா நினைத்தாள், காதைக் காட்ட வேண்டும் என்று. ஸ்பானிஷ் மொழியில் இருந்த படிவத்தை என் சமையலறை மேஜையில் விரித்தோம். அவள் ஆறாவது, நான் நாலாவது. இரண்டையும் கூட்டினால் பத்தாவது என்று சிரித்துக்கொண்டே எழுதினோம். தகப்பன் பெயர் என்ற இடம் வந்ததும் அவள் பேனா நின்றுவிட்டது.

எவரார்தோ. பிள்ளைக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொல்லி எப்போதோ ஒரு நீதிமன்றம் சொன்னது. ஒரு டாலர்கூட அவன் கட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. அவன் சொல்லியிருந்தான்: "என் சம்பளத்துல கவர்மென்ட் கை வெச்சுதுன்னா, அன்னிக்கு நான் உன் வாசல்ல நிப்பேன்."

"பேரை எழுதலேன்னா பிள்ளை அட்டையை வெட்டிடுவாங்களாம். கொட்டகையில சொன்னாங்க" என்றாள்.

பேரை எழுதினாள். அர்கன்சாஸில் கோழி வெட்டும் ஆலைக்குப் பக்கத்தில் அவன் இருந்த விலாசத்தையும் எழுதினாள். அதற்குக் கீழே ஒரு கட்டம்: தகப்பனைத் தேடும் வேலைக்கு ஒத்துழைக்காமல் இருக்க உங்களுக்கு 'புவேனா கௌசா' உண்டா?

எங்கள் கோயிலில் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் சுட்ட கோழியும் சோறும் பொட்டலம் கட்டி விற்போம். யாருக்காவது புற்றுநோய், யார் வீட்டிலாவது தீ, எதற்கானாலும் பலகையில் கொட்டை எழுத்தில் 'புவேனா கௌசா' என்று எழுதி வைப்போம். நல்ல காரியத்துக்கு வசூல் என்று அர்த்தம். எங்களுக்குத் தெரிந்தது அந்த அர்த்தம் ஒன்றுதான்.

"தர்மம் பண்றீங்களான்னு கேக்குறான் போல" என்றேன். "இல்லைன்னு போடுங்க கொமாத்ரே. தர்மம் பண்ற அளவுக்குக் காசிருக்குன்னா மருந்து எதுக்குக் குடுக்குறான்?"

அவள் 'இல்லை' என்று போட்டாள். சொன்ன வாய் என் வாய். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பாக்கியை வசூலிக்க வழக்குப் போட்டுவிட்டோம், தகப்பனுக்கு அறிவிப்பு அனுப்பியாயிற்று என்று. அவள் என் வீட்டுக்கு நடந்து வந்தபோது காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது.

மறுநாள் கொட்டகைக்குப் போகாமல், அட்டை கொடுக்கிற அலுவலகத்துக்குப் போனோம். அங்கே தீஹெரினா என்ற அம்மாள். என் வயதுதான் இருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், ஹெர்லிண்டாவைப் பார்த்தார்.

"அந்த ஆள் உன்னை அடிப்பானாம்மா?"

ஹெர்லிண்டா கூந்தலை ஒதுக்கி இடது காதைக் காட்டினாள்.

"அப்புறம் ஏம்மா இந்தக் கட்டத்துல இல்லைன்னு போட்டே?"

"அந்த மாசம் நாங்க கோழி விக்கலம்மா" என்றேன் நான்.

தீஹெரினா அம்மாள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அது தர்மக் காரியம் இல்லம்மா. தக்க காரணம்னு அர்த்தம். அவனைத் தேடினா ஆபத்துன்னு நீ சொன்னா நாங்க தேட மாட்டோம். இன்னொண்ணு கேட்டுக்க. நீ பேரே குடுக்கலேன்னாலும் உன் அட்டைதான் போகும். பிள்ளை அட்டையை யாரும் தொட முடியாது."

ஹெர்லிண்டா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எழுதியே இருக்க வேண்டாம் அந்தப் பேரை.

புதுப் படிவத்தில் 'ஆம்' போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். இனி ஒரு காகிதமும் போகாது, அவள் விலாசத்தை மறைத்துவிடுவோம் என்றார்கள். முதலில் அவனுக்குப் போன அறிவிப்பு?

"அது போயி ஒம்பது நாள் ஆச்சு."

"அதுல என் விலாசம் இருக்கா?"

அந்த அம்மாள் ஆமென்று தலையை அசைத்தார்.

அடுத்த பதினோரு நாளும் யாரெட்சியும் அவளும் என் வீட்டில் இருந்தார்கள். பட்டப்பகலில் கதவுக்கு முட்டுக்கட்டையாக நாற்காலி. ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு வந்தால்கூட அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூட வாசலில் சாம்பல் நிற டிரக் ஒன்று நின்றது என்று ஒரு நாள் உறைந்துபோனாள். அதில் இருந்தது பாலர் வகுப்பு டீச்சரின் புருஷன். "அம்மா, அந்த ஆளு யாரு, நமக்குத் தெரிஞ்சவரா?" என்று பிள்ளை கேட்டது. தகப்பன் முகம் அதற்கு ஞாபகமில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம். அவன் மிட்டாயோடு வந்து நின்றால் பிள்ளை கை நீட்டும்.

நான் ஜெபமாலை சொல்லும்போது அவள் வாய் அசையும், காது தெருவில் இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் தீஹெரினா அம்மாளே போன் செய்தார். ஓடினோம். ஒரு உறையை மேஜையில் வைத்தார். எவரார்தோவின் பெயர். அதன் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டித் திரும்பி வந்திருந்தது. ஒட்டினது ஒட்டினபடி இருந்தது, யாரும் பிரிக்கவில்லை.

"அவன் கைக்குப் போகவே இல்ல" என்றார்.

நான் சிலுவை போட்டுக்கொண்டு வாய்விட்டே ஸ்தோத்திரம் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹெர்லிண்டா உறையைக் கையில் எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் சீட்டின் மேல் விரலை வைத்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"இந்த விலாசத்துல அப்படி யாரும் இல்ல, காலி பண்ணிட்டுப் போயாச்சுன்னு."

"எங்க போனான்?"

"அது போடலம்மா."

நாலு வருஷமாக அவள் ஒவ்வொரு ராத்திரியும் அவனை அந்தக் கோழி ஆலைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் தூங்கியிருக்கிறாள். ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டினாலும் வந்து சேர முடியாத தூரம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இப்போது அவனை எங்கே நிறுத்துவது?

வெளியே வெயிலில் வந்து நின்றோம். யாரெட்சியின் புது அட்டை அவள் கைப்பையில் பத்திரமாக இருந்தது. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் என் இடப்பக்கம் உட்கார்ந்தவள், எழுந்து வலப்பக்கம் மாறி உட்கார்ந்தாள். வலது காது சாலையைப் பார்த்து இருந்தது.

"பிள்ளை பள்ளிக்கூடம் விட இன்னும் எவ்வளவு நேரம் கொமாத்ரே?"

"ஒரு மணி நேரம்."

"பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம். நடந்துடலாம், வாங்க" என்று எழுந்துவிட்டாள்.