வாசலில் நின்ற பேய்

இருள் தேசத்து மந்திரவாதிக் கதையின் முதல் பாகத்தை, கால் முறிந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரே மூச்சில் முடித்தேன். இரண்டாம் பாகம் கிடைத்தபோது கால் தேறி, தேயிலைத் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பியிருந்தேன். சாயங்காலம் லயத்து வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறப்பேன். பேய் வந்து இளவரசியின் கதவைத் தட்டும். அதற்குள் என் கண் சொருகிவிடும். மறுநாளும் அதே பக்கம், அதே தட்டல். இவ்வளவு பெரிய பேய்க்கு ஒரு கதவைத் திறக்கத் தெரியாதா என்று எரிச்சல்தான் வந்தது.

விடியற்காலையில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய், பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்திருந்த மனைவி கேட்டாள்: “அந்தப் பேயி உள்ள வந்துருச்சா?”

“இன்னும் வாசல்லதான் நிக்குது.”

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “வந்தா, காலையில எனக்குப் பதிலா பெரட்டுக்கு அனுப்பிருங்க. நான் ஒருநாளு படுத்துக்கிறேன்.”