இனிசல் வைத்த டிஸ்க்

எங்கள் கந்தோருக்கும் வட்டுக்கோட்டைக் கிளைக் கந்தோருக்கும் ஒரே வேலைதான்: பழுதாய்ப் போன தோட்டக் கிணறுகளைத் திருத்திக் கொடுப்பது. ஒரே நிறுவனம், ஒரே பொறுப்பாளர், ஒரே மாதிரி ஆடுகிற மேசைகள். கொம்பியூட்டர் மட்டும் வேறு வேறு. யாழ்ப்பாண நகரத்தில் இருந்த எங்களுக்கு ஒரு நாட்டுக்காரர் டொஸ்ஸில் ஓடும் மெசின் ஒன்றைத் தந்திருந்தார்கள். வட்டுக்கோட்டைக்கு இன்னொரு நாட்டுக்காரர் மக்கின்டொஷ் ஒன்றைத் தந்திருந்தார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நாங்களும் பார்க்கவில்லை. இரண்டு மாட்டையும் ஒரே வண்டியில் பூட்டச் சொல்லுவார்கள் என்று அப்போது யார் கண்டது?

இந்திய ஆமி நின்ற காலம் அது. நான் அந்தக் கந்தோரில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான். தற்காலிக நியமனம். தவணை முடியும்போது வைத்திருப்பதா அனுப்புவதா என்று பொறுப்பாளர் முடிவு செய்வார். அளவெட்டியிலிருந்து தினமும் சைக்கிளில் போய்வருவேன். கால் உளைந்தது உண்மை. ஆனாலும் ஒரு வேலை எனக்கு நன்றாக வருகிறது என்று வாழ்க்கையில் முதன்முதலாகத் தெரிந்துகொண்டது அங்கேதான். அந்தச் சந்தோசத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

விட்டுக்கொடுக்கச் சொல்லி வீட்டில் ஒரு படம் வந்திருந்தது. கனடாவில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய மாப்பிள்ளையின் படம். பனிக்குள்ளே ஒரு காரில் சாய்ந்துகொண்டு நின்றார். யாருடைய காரோ. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, பாவம், குளிரில் நின்றுகொண்டும் சிரித்திருந்தார். எனக்குப் போக விருப்பமில்லை, அவ்வளவுதான். அப்பா இல்லாத வீடு. அம்மாவும் நானும் மட்டும். அம்மா வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார்.

"வேலையை நிரந்தரமாக்கித் தந்தினம் எண்டால் இஞ்சை இரு. இல்லையெண்டால் நான் சித்தப்பாவுக்கு ஓமெண்டு அறிவிச்சுப்போடுவன். பிறகு கண்ணைக் கசக்கக் கூடாது."

இந்த நேரத்தில்தான் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். காசு தரும் நிறுவனத்தின் வெள்ளைக்கார அம்மையார் கொழும்பிலிருந்து வட்டுக்கோட்டைக்கு வருகிறாராம். இந்த வருடம் திருத்த வேண்டிய கிணறுகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை கேட்டிருக்கிறார்.

"ரெண்டு கந்தோரின்ரை அறிக்கையையும் ஒண்டாக்கி மக்கின்டொஷ் டிஸ்கிலை குடுக்க வேணுமாம், பிள்ளை. கொழும்பிலை அவையிட்டை இருக்கிறது அந்த மெசின்தான். உதைச் செய்து முடிச்சுத் தாரும். உம்மை நிரந்தரமாக்கிறன். ஏலாதெண்டால், வட்டுக்கோட்டையிலையே மெசின் தெரிஞ்ச ஒரு ஆளை எடுக்கிறதைத் தவிர எனக்கு வேறை வழியில்லை."

இதென்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தேன். எங்கள் பங்கு அறிக்கையை ஏற்கெனவே அடித்து முடித்திருந்தேன். இரண்டு மெசினும் அதே சின்ன டிஸ்கைத்தான் விழுங்கின. நம்மிடம் உள்ளதை ஒரு டிஸ்கில் எடுத்துக்கொண்டு போய் அங்கே செருகினால் முடிந்தது. டிஸ்கைக் கைலேஞ்சியில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வழியில் ஆமியின் காவல் சென்றியில் மறித்தார்கள். பெட்டியைத் திறந்த ஆமிக்காரர் தமிழ்நாட்டுக்காரர்.

"இது என்னம்மா, பாட்டு கேசட்டா? என்ன படம்?"

"கிணறு," என்றேன்.

"புதுப் படமா? கேள்விப்படலையே," என்று சொல்லித் திருப்பித் தந்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.

வட்டுக்கோட்டைக் கந்தோரை நடத்தியவர் இளைப்பாறிய சீவ் கிளாக் ஒருவர். அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்காக இருந்து வெளியே வந்தவர். கந்தோர்தான் அவரை விட்டதே தவிர அவர் கந்தோரை விடவில்லை. வெள்ளை வேட்டி, பொக்கற்றில் இரண்டு பேனை. மக்கின்டொஷுக்குப் பூப்போட்ட துணி மூடி, சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டைத் துடைக்காமல் வைத்திருந்தார். டிஸ்கை அவரிடம் கொடுத்துவிட்டு, தூசி படிந்த முகத்தைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

திரும்பி வந்தபோது கிளாக் ஐயா கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

"எல்லாம் சரி பிள்ளை. இனிசல் வைச்சாச்சு."

"என்னத்துக்கு ஐயா இனிசல்?"

"மெசின் கேட்டுதே. வெள்ளைக்காரன்ரை மெசினெல்லே, ஒழுங்கு தெரியும். டிஸ்கை உள்ளுக்கை விட்ட உடனை, இனிசலைஸ் பண்ணவோ எண்டு கேட்டுது."

இனிசல் என்றால் பெயரின் முதலெழுத்துக்களைச் சுருக்கிக் கிறுக்குவது. ஒரு கடிதத்தை வாசித்ததற்கு இனிசல், ஒரு திருத்தத்துக்கு இனிசல், அழித்து எழுதிய இடத்துக்குக் கட்டாயம் இனிசல். அந்தக் கிறுக்கல் இல்லாமல் அரசாங்கத்தில் ஒரு துரும்பும் அசையாது. ஐயா தன் வாழ்நாளில் கோடிக்கணக்கில் கிறுக்கியிருப்பார்.

"பிறகு ஒரு பக்கமோ ரெண்டு பக்கமோ எண்டு கேட்டுது," என்று தொடர்ந்தார். "கந்தோர்க் கடிதம் ஒரு பக்கத்திலைதானே அடிக்கிறது? ஒரு பக்கமெண்டு குடுத்தன். பிறகு இரேஸ் எண்டு ஏதோ கேட்டுது. நீர் எங்கையோ அழிச்சு அடிச்சிருக்கிறீராக்கும், அதுக்குத்தான் இனிசல் கேக்குதெண்டு விளங்கீட்டுது. அதுக்கும் ஓமெண்டன். கடைசியிலை பேர் கேட்டுது. முழுப்பேர் என்னத்துக்கு, இனிசலை மட்டும் அடிச்சுவிட்டன்."

திரையில் ஒரு சின்ன டிஸ்கின் படம். அதன் கீழே ஐயாவின் மூன்று எழுத்துக்கள், புள்ளிகளோடு. திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. வெள்ளைவெளேரென்று கிடந்தது.

அந்த மெசினின் பாஷையில் இனிசலைஸ் என்றால் டிஸ்கை முழுக்கத் துடைத்துப் புதிதாக்குவது என்று எனக்கும் அப்போதுதான் விளங்கியது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பூப்போட்ட துணியாலேயே ஐயாவை மூடியிருப்பேன். நகரத்தில் பிரதி இருந்தது, அது வேறு விசயம். வெயிலில் சைக்கிள் மிதித்தவள் நான்தானே? என்ன நடந்தது என்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

ஐயாவின் முகம் சுருங்கிவிட்டது. அறிக்கை போனது அவரைச் சுட்டதாகத் தெரியவில்லை.

"அப்ப நான் வெள்ளைக் கடுதாசியிலையே இனிசல் வைச்சிருக்கிறன்?" என்றார், மெல்ல.

ஒரு கிளாக்குக்கு அதைவிடப் பெரிய பாவம் இல்லை. அதற்குமேல் அவரோடு கோபிக்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாள் இன்னொரு பிரதியோடு போனேன். இந்த முறை ஐயாவைக் கதிரையை விட்டு எழுப்பிவிட்டு நானே இருந்து டிஸ்கைச் செருகினேன். வாசிக்க முடியவில்லை, இனிசலைஸ் பண்ணவா என்று அதே கேள்வி. வேண்டாம் என்றேன். டிஸ்கை வெளியே தள்ளிவிட்டது. திரும்பச் செருகினேன். திரும்பவும் தள்ளிவிட்டது. பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு முகம் பார்க்காத சம்பந்திகள் மாதிரித்தான் இந்த இரண்டு மெசினும். ஒரே வாழையிலை, ஒரே சோறு, கதை மட்டும் கிடையாது.

சரி, மாற்றிச் செய்து பார்ப்போம் என்று ஐயாவின் அறிக்கையை மக்கின்டொஷ் டிஸ்கில் எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வந்தேன். எங்கள் டொஸ் மெசின் அதை வாசித்தால் எங்கள் பங்கையும் அந்த டிஸ்கிலேயே ஏற்றிவிடலாம் என்று போட்டுப் பார்த்தேன். அது கறுப்புத் திரையில், கைவிடவா, திரும்ப முயலவா, பெயிலா என்று கேட்டது. ஏ.எல். சோதனையில் பெயில் விட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? திரும்ப முயல் என்பதையே அழுத்திக்கொண்டிருந்தேன். அது திரும்பத் திரும்ப அதையே கேட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். நாங்கள் கிணறு வெட்டக்கூட இல்லை, பழைய கிணற்றைத் திருத்தத்தான் புறப்பட்டோம்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் படம் அலுமாரிக் கண்ணாடியில் செருகியபடி இருந்தது. அந்தக் குளிர் எனக்கு இங்கேயே பிடித்துவிட்டது.

அம்மையார் வருகிற நாளும் வந்துவிட்டது. அவர் பின்னேரம்தான் வருவார். காலையிலேயே எங்கள் பங்கு அறிக்கை முழுவதையும் நகரத்தில் கடதாசியில் அடித்தெடுத்து, மடிப்புக் குலையாமல் கட்டிக்கொண்டு வட்டுக்கோட்டைக்குப் பறந்தேன். மக்கின்டொஷில் முதலிலிருந்து திரும்ப அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கடதாசியைப் பார்த்துப் பார்த்து அடித்தால் பொழுது பட்டுவிடும். ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார்.

"நான் வாசிக்கிறன், நீர் அடியும். நாங்கள் அரசாங்கத்தையே உப்பிடித்தான் பிள்ளை நடத்தினனாங்கள்."

வாசித்தார். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கொமா, புல்ஸ்டொப், புதுப் பந்தி எல்லாம் அந்த அந்த இடத்தில் மணி அடித்தது போல விழுந்தன. உடுவில் கிராமத்துக் கிணற்றின் ஆழத்தை வாசித்தால் ஆழம் தெரிந்தது. நான் தட்டச்சுப் பள்ளியில் படித்தவள். காதால் கேட்டது விரலால் போக வேண்டும், இடையில் மூளை நின்று வழி மறிக்கக் கூடாது என்றுதான் பழக்கியிருந்தார்கள். என் விரல்கள் ஓடின. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால் ஐயாவின் அறிக்கை இருந்த டிஸ்கிலேயே பந்திக்குப் பந்தி சேமித்தேன். கோபம், பயம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வேலை எனக்கு இனித்தது.

கடைசிப் பக்கம் அச்சுமெசினில் கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே வாகனம் வந்து நின்றது. பொறுப்பாளர் முன்னால், அம்மையார் பின்னால். அம்மையார் இருக்கக்கூட இல்லை. நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். நடுவில் ஓரிடத்தில் நின்றார். புருவம் உயர்ந்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்குமளவுக்குச் சிரித்தார்.

பொறுப்பாளர் எட்டி வாசித்தார். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தை என்னிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: விவசாயிகள் இந்தக் கிணற்றுக்காக நீண்ட காலமாகக் காத்திருக்கிறார்கள். நிற்க. தேநீர் வந்துவிட்டது. ஆறிப்போக முன் குடிக்கவும்.

அரிச்சந்திரன் வீட்டில் பொய் நுழைந்தது போல ஆகிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தபோது ஐயா சொன்னதுதான். ஆங்கிலத்தில் ஏறினால் தமிழுக்கு இறங்க அவருக்குச் சற்று நேரம் எடுக்கும். அதனால் அதையும் ஆங்கிலத்திலேயே, அதே குரலில் சொல்லியிருந்தார். என் விரல் அதையும் விடவில்லை. தேத்தண்ணியைக் குடித்த ஞாபகம் இருந்தது, அடித்த ஞாபகம் இல்லை.

முடிந்தது, கனடாதான் என்று நினைத்தேன். கண்ணுக்குள் பனி கொட்டியது.

அம்மையார் அந்த அறிக்கை டிஸ்கை வாங்கி மக்கின்டொஷில் தானே செருகினார். ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்தது. இரண்டு கந்தோரின் கிணறுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே அறிக்கைக்குள் இருந்தன. அவருக்கு ஆச்சரியம். மற்ற மெசினிலிருந்து இதற்கு எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஐயா எழுந்து நின்றார்.

"குரலால், மேடம்," என்றார், அவரும் ஆங்கிலத்தில்.

இரண்டு மெசினையும் இணைக்க வயர் ஒன்று இருக்கிறதாம், கொழும்பு போனதும் தேடி அனுப்புகிறேன் என்றார் அம்மையார். நல்ல மனம்தான். வயர் வந்துவிட்டால் நான் எதற்கு? பொறுப்பாளரைப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கத்தையே இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயர் வரட்டும்," என்றார் என்னிடம், தமிழில். "வயருக்குத் தேத்தண்ணியும் விளங்காது, கிணறும் விளங்காது. அந்த வரியை எடுத்துப்போட்டுத் திரும்ப அடியும் பிள்ளை. நீர் நிரந்தரம்."

அழித்து அடித்த அந்தப் பக்கத்தில் இனிசல் வைக்கட்டுமா என்று ஐயா கேட்டார். வையுங்கள் ஐயா, வேண்டிய அளவுக்கு வையுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சைக்கிள் தானாக ஓடியது. படலையைத் திறக்கும்போதுதான் அம்மாவை நினைத்துக் கொஞ்சம் கவலை வந்தது. ஊரெல்லாம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெருமையாகத் திரிகிற காலம். கைக்கு வந்த நல்ல சம்பந்தத்தை நான் தட்டிவிடப் போகிறேன். அம்மா அடுப்படியில் நின்றார். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று சொன்னேன்.

அம்மா கையைச் சேலையில் துடைத்தார். மூலையில் கிடந்த தேங்காய்களில் ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுத்தார். செருப்பும் போடாமல் விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

"எங்கையம்மா போறியள்?" என்று பின்னால் ஓடினேன்.

எங்கள் குறுகலான ஒழுங்கையின் முடிவில் இருந்த பிள்ளையார் கோயில் வாசலில் போய்த்தான் நின்றார். தேங்காயை ஓங்கி அடித்தார். அவ்வளவு பலம் அம்மாவின் கையில் இருந்தது எனக்குத் தெரியாது. சில்லுச் சில்லாகப் பறந்தது.

"நேத்திக்கடன்," என்றார், மூச்சு வாங்கியபடி. "உனக்கு வேலை நிரந்தரமாக வேணுமெண்டு நேந்தனான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் சோறு இறங்காமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே?

"அப்ப ஏனம்மா கனடா கனடா எண்டு என்னை வெருட்டினனீங்கள்?"

"மறிச்சுப்போட்டன் எண்டு நாளைக்கு நீ என்னைக் குறை சொல்லக் கூடாது எண்டுதான்." அம்மா குனிந்து, சிதறிக் கிடந்ததில் ஒரு தேங்காய்த் துண்டை எடுத்து மண்ணைத் தட்டி என் வாயில் வைத்தார். அப்போதுதான் அவர் கண் கலங்கியிருந்ததைக் கண்டேன். "நீயும் போனால், பின்னேரத்திலை நான் ஆரோடையடி பிள்ளை கதைக்கிறது?"