நாற்பத்தொரு பேர்

நிதித்துறையில் அவருக்குப் பெயர் கத்திரி. இருபத்தாறு வருடமாகச் செலவுக் குறைப்புப் பட்டியல் அவர் மேஜையிலிருந்துதான் கிளம்புகிறது. வீட்டில் அறுந்த செருப்பைக்கூடத் தூக்கியெறிய மனம் வராதவர் என்பது அலுவலகத்துக்குத் தெரியாது.

பட்டியலுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. நூறு வெட்டுகளுக்கு நடுவே, கேட்டாலே வயிறு எரிகிற மாதிரி ஒன்றைச் செருக வேண்டும். அமைச்சர் அதை மட்டும் சிவப்பு மையால் அடிப்பார். மறுநாள் பத்திரிகைகள் அவருடைய இளகிய மனதைப் புகழும். அப்படி அடிபட்டதை மூன்று வருடத்துக்கு யாரும் தொடக்கூடாது. ஆகவே ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமானால், அதை ஒழிக்கச் சொல்லிச் சிபாரிசு செய்வதே உத்தமம்.

இந்த வருடம் பற்றாக்குறை கழுத்தை நெரித்தது. நோயாளிகளுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் சின்ன அரசு மருந்தகங்கள்மேல் மேலிடத்துக்குக் கண் என்று வராந்தாவில் பேச்சு. அவர் மனைவி அப்படியொன்றில்தான் நர்ஸ். இரண்டே அறை, மாலையில் மட்டும் திறப்பது. கத்திரி முந்திக்கொண்டார். அறுபத்திரண்டாவது வரியில் அதைப் போட்டு, அமைச்சர் மனம் கரையட்டும் என்று, 'தினமும் நாற்பத்தொரு நோயாளிகள் வருகின்றனர்' என்றும் சேர்த்தார்.

தட்டச்சு செய்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் சார், வீட்டுல சோறு கிடைக்கணுமா, வேண்டாமா?"

"மூணு வருஷத்துக்குக் கிடைக்கணும்னுதாம்மா இது."

அந்த வாரமே, சைக்கிளுக்குப் போட்ட புது வரியை எதிர்த்து ஊர் முழுக்க மணியடித்துக்கொண்டு தெருவில் இறங்கியது. அமைச்சர் மனமிரங்கி வரியை வாபஸ் வாங்கினார். அந்த வருடத்து இரக்கம் அதோடு செலவாகிவிட்டது. விட்டுக்கொடுத்த வரிக்கு ஈடுகட்ட வேண்டுமே. பட்டியல் ஒரு சிவப்புக் கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தது.

பத்து நாள் கழித்து மனைவி மூடும் உத்தரவோடு வீடு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து வாசித்தாள். "தினமும் நாற்பத்தொரு நோயாளிகள் மட்டுமே வருவதால்..."

கத்திரி தண்ணீர் எடுக்க எழுந்தார்.

"உட்காருங்க. ரெஜிஸ்டர்ல முப்பத்தேழுதான் இருக்கு. சீட்டு இல்லாம கட்டு மாத்திக்க வர்ற நாலு பேரையும் சேர்த்து நாற்பத்தொண்ணுன்னு உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

அவர் உட்கார்ந்தார். சிவப்பு மை, மூன்று வருடம், சைக்கிள் வரி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது கோமாளித்தனமாகப் பட்டது.

"நிறைய பேருன்னு நினைச்சுத்தான் எழுதினேன்."

"நிறைய பேருதான்" என்றாள் அவள். கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல். "நாளைக்குச் சாயந்திரம் வாங்க. அந்த நாலு பேருக்கும் நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது."

கத்திரி தலையாட்டினார். இருபத்தாறு வருடத்தில், தன் பட்டியலில் உள்ள ஓர் இடத்துக்குள் அவர் காலெடுத்து வைக்கப்போவது அதுதான் முதல் தடவை.