பிரஸ்ஸல்ஸுக்குச் செங்கல்பட்டில் ஓர் ஒத்திகை

பிரஸ்ஸல்ஸ் ஸ்டேஷனில் ஒரு வண்டியை விட்டு இறங்கி, படியேறி, வேறு பிளாட்பாரத்துக்குப் போய் அடுத்த வண்டியைப் பிடிக்க, முழங்கால் வலிக்காரப் பெண்மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? உலகநாதன் தெருவில் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்தி இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியவில்லை. இதை எழுதுகிற எனக்கும் அன்று தெரியவில்லை.

திருப்போரூர் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் காலையில் வாசலில் நின்று, போகிற பஸ்ஸைப் பார்த்து, "லேட்டா வர்றான். கேளம்பாக்கத்துல டீ குடிச்சிருப்பான்" என்று உள்ளே மனைவிக்குக் கேட்கும்படி சொல்வார். கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டும்போதே திரும்புகிற பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

மகள் பிரபாவுக்கு ஆம்ஸ்டர்டாமில் வேலை. பெற்றோரை அழைத்திருந்தாள். விமானம் பாரிஸில் இறங்கும். அங்கே சுற்றிப் பார்த்துவிட்டு ரயிலில் ஆம்ஸ்டர்டாம் போக வேண்டும். நேரே போகும் வண்டியில் இடம் இல்லாததால் பிரஸ்ஸல்ஸில் மாற வேண்டும். உலகநாதன் பார்த்து வைத்த வண்டியில் நடுவே கால் மணி நேரம்தான் இருந்தது. அதை விட்டால் சாயங்கால வண்டியில்தான் இடம் இருந்தது.

"அதுவரிக்கும் சும்மா குந்திகினு இருக்கறதா? அதுக்குப் பேரு கனெக்‌ஷனா?" என்று ஃபோனில் மகளிடம் சத்தம் போட்டார்.

அப்படியானால் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி சொல்லிவிடலாம் என்றாள் பிரபா. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஜோதிலட்சுமியின் முகம் சுண்டிவிட்டது.

"பொண்ணு வூட்டுக்கு மொத தபா போறேன். என்னை வச்சித் தள்ளிகினு போவணுமா? நீ மட்டும் போய்ட்டு வாய்யா."

 மறுநாள், கால் மணி நேரத்தில் வண்டி மாற முடிகிறதா என்று பார்த்துவிட, உலகநாதன் கனத்துக்காக இரண்டு பெட்டிகளிலும் அரிசியைக் கட்டிப் போட்டு, மனைவியோடு செங்கல்பட்டு ஜங்ஷனுக்கு பஸ் ஏறினார்.

"இப்ப நாம பாரிஸ் வண்டிலருந்து எறங்கிட்டோம். அந்தாண்ட மெட்ராஸ் பீச்சு வண்டி நிக்குது பாரு, அதான் ஆம்ஸ்டர்டாமு."

"ஆம்ஸ்டர்டாமு தாம்பரம் வழியாவா போவுது?" என்று கேட்டுவிட்டு ஜோதிலட்சுமி நடைமேம்பாலப் படியின் கைப்பிடிக் கம்பியைப் பற்றினார்.

உலகநாதன் பெட்டிகளோடு முன்னே ஏறினார். கண் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், ஜோதிலட்சுமி பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

ஓடி வந்த ஓர் இளைஞன் நின்றான். "அண்ணாத்த, பீச்சு வண்டி எடுக்கப் போறான், நீ ஓடு. அக்காவ நான் இட்டாறேன்."

"வண்டில ஏற வர்லபா. ரிகர்சலு."

அவன் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஓடினான். ஜோதிலட்சுமி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கணவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நா வர்லய்யா. பாரிஸும் வாணாம், ஒண்ணும் வாணாம். பொண்ண ஃபோன்லயே பாத்துக்கறேன்."

கீழே வண்டி கிளம்பிப் போயிற்று. உலகநாதன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, நின்றபடியே மகளுக்கு ஃபோன் போட்டார்.

"அந்தக் கால் மணி நேர வண்டி வாணாம்மா. சாயங்கால வண்டிக்கே போட்டுரு."

"அது கனெக்‌ஷனே இல்லன்னு நீதானப்பா சொன்ன?"

"சொன்னேன். நடுவுல அங்கயே குந்தி நாஸ்தா துன்னுட்டு வர்றோம். உங்கம்மா எவ்ளோ மெதுவா வேணா ஏறட்டும்."

"அவ்ளோ நேரம் நீ ஒரு எடத்துல குந்துவியா?" என்றார் ஜோதிலட்சுமி.

"குந்திப் பாக்கறேன்."

வெளிநாட்டுக்குப் பெற்றோரை அழைக்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள்: செங்கல்பட்டு நடைமேம்பாலத்தில், ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முணுமுணுத்துக்கொண்டே விலகிப் போக, உலகநாதன் மனைவிக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து, அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் பிடித்துவிட்டார்.